சமூக ஒப்பீடு

சமூக ஒப்பீடு என்பது ஒருவர் தமது திறமை, கருத்து, தோற்றம், வருவாய், வாழ்க்கைநிலை முதலியவற்றைப் பிறருடையவற்றோடு வைத்துப் பார்த்துத் தம்மை மதிப்பிட்டுக் கொள்ளும் உளவியல் நிகழ்வு ஆகும். சமூக உளவியலில் இதனை ஒரு கோட்பாடாக முதன்முதலில் வகுத்தவர் அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் (1919–1989) ஆவார்.

ஒப்பிடுதல் தன்னளவில் நோயோ குணக்கேடோ அன்று. அளவுகோல் இல்லாத இடத்தில் மனிதர் தம்மை அறிந்து கொள்ளும் வழிகளுள் அதுவும் ஒன்று. தம்மிலும் உயர்ந்தவரோடு ஒப்பிட்டால் துன்பம், தாழ்ந்தவரோடு ஒப்பிட்டால் ஆறுதல் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. ஆய்வுகள் இதனை முழுமையாக ஏற்கவில்லை. பிறரது உயர்வு தமக்கும் எட்டக்கூடியதாகத் தோன்றுகிறதா, ஒப்பிடப்படும் துறை தமக்கு எவ்வளவு முக்கியமானது, ஒப்பிடப்படுபவர் எவ்வளவு நெருங்கியவர், அவரைப் பற்றிக் கிடைக்கும் தகவல் முழுமையானதா ஆகியவையே நலமான ஒப்பீட்டையும் நலங்கெடுக்கும் ஒப்பீட்டையும் பெரிதும் பிரிக்கின்றன.

வரலாறு

மனிதர் பிறரது பார்வையைக் கொண்டு தம்மை மதிப்பிடத் தொடங்கியதே பல தீமைகளுக்கு வேர் எனப் ஜெனீவாவில் பிறந்த மெய்யியலாளர் ரூசோ, ஏற்றத்தாழ்வின் தோற்றம் பற்றி 1755 இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890 இல் வெளியான தமது உளவியல் நூலில் இதனை வேறு கோணத்தில் அணுகினார். உளவியலைத் தம் வாழ்க்கையாகக் கொண்ட தாம், அதில் தம்மைவிட வல்லவர் ஒருவரைக் கண்டால் வருந்துவதாகவும், கிரேக்க மொழி தெரியாமை பற்றித் தமக்குச் சிறிதும் வருத்தமில்லை என்றும் அவர் எழுதினார். எதில் வெல்ல வேண்டும் என்று ஒருவர் தாமே முடிவு செய்திருக்கிறாரோ அதிலேயே தோல்வி வலிக்கும் என்பது அவரது கருத்து. பின்னாளில் நடந்த பல ஆய்வுகளின் விதை இக்கருத்தில் உள்ளது.

1942 இல் ஹெர்பர்ட் ஹைமன், ஒருவர் தமது நிலையை அளக்க மனத்தில் கொள்ளும் கூட்டத்தைக் குறிக்க 'ஒப்பீட்டுக் குழு' என்ற கருத்தாக்கத்தை அறிமுகப்படுத்தினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்கப் படைவீரர்களைப் பற்றிச் சாமுவேல் ஸ்டௌஃபர் குழுவினர் 1949 இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் புகழ்பெற்ற ஓர் எடுத்துக்காட்டைத் தந்தது. வான்படையில் பதவி உயர்வு விரைவாகக் கிடைத்தது. படைத்துறைக் காவல் பிரிவில் மிகவும் அரிதாகவே கிடைத்தது. ஆயினும் பதவி உயர்வு வாய்ப்புகள் குறித்து வான்படையினரே கூடுதலாகக் குறைப்பட்டுக் கொண்டனர். சுற்றியுள்ள பலரும் உயர்ந்து கொண்டிருக்கும் இடத்தில் உயராதவருக்கு அது தம் இழப்பாகத் தெரிகிறது. எவரும் உயராத இடத்தில் அவ்வாறு தெரிவதில்லை. இந்நிலை ஒப்பீட்டு இழப்புணர்வு எனப்படுகின்றது.

ஃபெஸ்டிங்கரின் கோட்பாடு

கர்ட் லெவினின் மாணவரான ஃபெஸ்டிங்கர், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில், 1954 இல் இக்கோட்பாட்டை வெளியிட்டார். ஒன்பது கருதுகோள்களாக அமைந்த அக்கட்டுரையின் அடிப்படை எளிமையானது. தம் கருத்துகள் சரியா, தம் திறமை எத்தகையது என்று அறியும் உந்துதல் மனிதருக்கு உண்டு. நீளத்தை அளக்கக் கோல் இருப்பதுபோல் புறநிலை அளவை ஒன்று இருந்தால் அதனைப் பயன்படுத்துவர்; இல்லாதபோது பிறரை அளவையாகக் கொள்வர்.

எவரை அளவையாகக் கொள்வர் என்ற வினாவுக்குத் தம்மை ஒத்தவரையே என்று ஃபெஸ்டிங்கர் விடை கூறினார். வேறுபாடு மிகுந்தால் ஒப்பிடும் நாட்டம் குறையும். சதுரங்கம் கற்கத் தொடங்கிய ஒருவர் பெரும் ஆட்டக்காரர்களோடு தம்மை ஒப்பிடமாட்டார் என்பது அவரே தந்த எடுத்துக்காட்டு. திறமையைப் பொறுத்தவரை மேல்நோக்கிய உந்துதல் ஒன்று இருப்பதாகவும், கருத்துகளுக்கு அத்தகைய உந்துதல் பெரும்பாலும் இல்லை என்றும் அவர் கூறினார். எனவே ஒருவர் தம்மைச் சுற்றியுள்ளோரோடு ஒத்திருக்கவும் விரும்புகிறார், அவர்களைவிடச் சற்று மேலே இருக்கவும் விரும்புகிறார். இவ்விரு விருப்பங்களும் ஒருசேர நிறைவேற முடியாதவை. போட்டி ஓயாமல் தொடர்வதற்கு ஃபெஸ்டிங்கர் கண்ட காரணம் இதுவே ஆகும்.

உணர்ச்சிகளையும் மனிதர் ஒப்பிட்டு அறிவர் என்பதைச் ஸ்டான்லி ஷாக்டர் 1959 இல் எடுத்துக்காட்டினார். மின்னதிர்ச்சி தரப்படும் என்று அச்சுறுத்தப்பட்ட மாணவியருள் பெரும்பாலோர் தனியே காத்திருப்பதைவிடப் பிறரோடு காத்திருக்கவே விரும்பினர். ஆனால் யாரோடு வேண்டுமானாலும் அன்று. அதே மின்னதிர்ச்சிக்காகக் காத்திருப்போருடன் மட்டுமே.

மேல்நோக்கிய ஒப்பீடு

தம்மைவிடச் சிறந்த நிலையில் உள்ளவரோடு ஒப்பிடுவது மேல்நோக்கிய ஒப்பீடு எனப்படும். இது 'நான் அவ்வளவு இல்லை' என்ற செய்தியையும் 'நானும் அங்கே செல்லலாம்' என்ற செய்தியையும் ஒருங்கே தாங்கி வருகிறது. இவற்றுள் எது கேட்கப்படும் என்பதை ஆராய்ந்தோருள் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெனலோப் லாக்வுட், ஸீவா குண்டா ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். 1997 இல் வெளியான அவர்களது ஆய்வில், கணக்கியல் பயிலும் மாணவியருக்கு, பட்டம் பெறவிருக்கும் மிகச்சிறந்த கணக்கியல் மாணவர் ஒருவரைப் பற்றிய செய்திக் கட்டுரை படிக்கத் தரப்பட்டது. படித்த முதலாண்டு மாணவியர் தம்மை உயர்வாக மதிப்பிட்டனர். ஊக்கம் பெற்றதாகவும் கூறினர். இறுதியாண்டு மாணவியருக்கு அத்தகைய ஏற்றம் ஏற்படவில்லை. அவர்களுட் பலர் இந்த ஒப்பீடே பொருத்தமற்றது என்று தள்ளினர். இரு சாராரும் படித்தது ஒரே கட்டுரை. ஒரு சாராருக்குக் காலம் மீதமிருந்தது, மற்றவருக்கு இல்லை. அதே ஆய்வாளர்களின் மற்றொரு சோதனையில், அறிவாற்றல் வளரக்கூடியது என்று நம்பியவர்கள் ஊக்கம் பெற்றனர். அது பிறவியில் அமைந்து மாறாதது என்று நம்பியவர்கள் பெறவில்லை.

நெதர்லாந்தின் உயர்நிலைப் பள்ளி மாணவரிடையே ஹார்ட் பிளான்டன், பிராம் பியூங்க் முதலியோர் நடத்தி 1999 இல் வெளியிட்ட ஆய்வும் இங்கு கருதத்தக்கது. ஒவ்வொரு பாடத்திலும் தம் மதிப்பெண்ணை எந்த வகுப்புத் தோழரின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கிறீர்கள் என்று மாணவரிடம் வினவப்பட்டது. பெரும்பாலும் தம்மைவிடச் சற்றே கூடுதலாக மதிப்பெண் பெறுபவரையே அவர்கள் குறிப்பிட்டனர். அவ்வாறு மேலே உள்ளவரைத் தேர்ந்தவர்களின் மதிப்பெண்கள் பின்னர் கூடுதலாக உயர்ந்தன. அதே வேளையில், தாம் வகுப்பில் நல்ல நிலையில் இருப்பதாக எண்ணியவர்களும் முன்னேறினர். மேலே நோக்குவதும் தம்மைத் தாழ்வாக எண்ணாதிருப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை இது காட்டுகிறது. இம்மாணவர்கள் ஒப்பீட்டுக்குரியவரைத் தாமே தேர்ந்தெடுத்தவர்கள் என்பதையும் மறத்தலாகாது. பிறரால் திணிக்கப்படும் ஒப்பீடு வேறு வகையானது.

கீழ்நோக்கிய ஒப்பீடு

தம்மைவிட இடர்ப்பட்ட நிலையில் உள்ளவரோடு ஒப்பிட்டு மன ஆறுதல் பெறுவது கீழ்நோக்கிய ஒப்பீடு ஆகும். தம் நிலைக்கு அச்சுறுத்தல் நேரும்போது மனிதர் இதனை நாடுவர் என்று தாமஸ் வில்ஸ் 1981 இல் முன்வைத்தார்.

இத்துறையின் நெஞ்சைத் தொடும் சான்று, மார்பகப் புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்ற 78 பெண்களை நேர்கண்டு ஜோஆன் வுட், ஷெல்லி டெய்லர், ரோஸ்மேரி லிக்ட்மன் ஆகியோர் 1985 இல் வெளியிட்ட ஆய்வாகும். நோயுற்றோர் நலமாக உள்ளவரோடு தம்மை ஒப்பிட்டு வருந்துவர் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் அப்பெண்களுட் பெரும்பாலோர் தம்மைவிடக் கடினமான நிலையில் இருந்தோரையே எடுத்துக் கூறினர். கட்டி மட்டும் அகற்றப்பட்டவர், மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டவரை எண்ணி இரங்கினார். முதியவர் இளவயதில் நோயுற்றோருக்காக வருந்தினார். மணமானவர், துணையின்றி இதனை எதிர்கொள்வோரை நினைத்துக் கொண்டார். தாம் எந்த வகையில் பிறரைவிட நல்ல நிலையில் இருந்தாரோ அந்த வகையையே ஒவ்வொருவரும் அளவுகோலாக எடுத்துக் கொண்டார். அத்தகைய ஒருவரை நேரில் அறியாதவர்கள், தம்மைவிட மோசமாக இதனைத் தாங்குவோர் இருப்பர் என்று கற்பனையேனும் செய்து கொண்டனர்.

இதனைத் தன்னையே ஏமாற்றிக் கொள்ளுதல் என்று ஒதுக்கிவிட முடியாது. டெய்லரும் மார்சி லோபெலும் 1989 இல் இதன் மறுபக்கத்தை விளக்கினர். நோயாளிகள் தம் நிலையை மதிப்பிடத் தம்மினும் துன்புறுவோரை நினைக்கின்றனர்; ஆனால் பழகுவதற்கும் தகவல் பெறுவதற்கும் தேறி வந்தவர்களையே நாடுகின்றனர். ஒரே மனிதர், ஒரே காலத்தில், ஆறுதலுக்காகக் கீழேயும் வழிக்காக மேலேயும் நோக்குகிறார். நோய்களுக்கான ஆதரவுக் குழுக்களை அமைப்போர் இதனை அறிந்திருத்தல் பயனுடையது. நோய் முற்றிய ஒருவரோடு பழகுவது புதிதாக நோயுற்றவருக்கு ஆறுதலாக அமையாமல், 'நாளை எனக்கும் இதுவே' என்னும் அச்சமாக மாறவும் கூடும்.

இந்த இருமையைப் பியூங்க் முதலியோர் 1990 இல் புற்றுநோயாளரிடமும் மணமானவரிடமும் நேரடியாக ஆராய்ந்தனர். எத்திசையில் ஒப்பிட்டாலும் நல்லுணர்வும் தீயுணர்வும் ஆகிய இரண்டும் எழக்கூடும் என்பது அவர்களது முடிவு. தன்மதிப்புக் குறைந்தவர்களும், தம் நோயின் மீது தமக்குக் கட்டுப்பாடு இல்லை என்று உணர்ந்தவர்களும் ஒப்பீட்டின் தீய பக்கத்தையே கூடுதலாகப் பெற்றனர்.

நெருக்கமும் துறையும்

முன்பின் அறியாத ஒருவர் பரிசு பெற்றால் உண்டாகாத வருத்தம், உடன்பிறந்தவரோ நண்பரோ பெறும்போது உண்டாவது ஏன் என்பதை விளக்க முயன்றவர் அபிரகாம் டெஸ்ஸர். அவரது கோட்பாடு தன்மதிப்பீட்டுப் பேணல் எனப்படுகின்றது. நெருங்கியவர் ஒருவரின் வெற்றி நமக்கு முக்கியமில்லாத துறையில் அமைந்தால், அவ்வெற்றியின் ஒளியில் நாமும் பங்கு பெறுகிறோம். அதுவே நாம் முக்கியமாகக் கருதும் துறையில் அமைந்தால் நம் தன்மதிப்பு அடி வாங்குகிறது. அப்போது ஒருவர் அந்த உறவிலிருந்து விலகலாம், அத்துறையையே கைவிடலாம், அல்லது கடுமையாக உழைத்து இடைவெளியைக் குறைக்கலாம்.

டெஸ்ஸரும் ஜோனத்தன் ஸ்மித்தும் 1980 இல் வெளியிட்ட சோதனையில் சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்று பயன்படுத்தப்பட்டது. வெறும் விளையாட்டு என்று கூறப்பட்டபோது பங்கேற்றோர் தம் நண்பருக்கு எளிய குறிப்புகளைத் தந்து உதவினர். மொழித்திறனை அளக்கும் முக்கியமான தேர்வு என்று கூறப்பட்டபோதோ, நண்பரைவிட அயலாருக்கே கூடுதலாக உதவினர். நட்பு பொய்யானது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஒரே துறையில் உழைக்கும் நண்பர்களிடையே இத்தகைய இழுபறி எழுவது இயல்பே.

பொறாமையின் இரு வகைகள்

டச்சு மொழியில் பொறாமைக்கு இரு சொற்கள் உள்ளன. ஒன்று பிறர் பெற்றதைத் தாமும் பெற விழையும் உணர்வையும், மற்றது பிறர் அதனை இழக்க வேண்டும் என விழையும் உணர்வையும் குறிக்கும். நீல்ஸ் வான் டி வென் முதலியோர் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே சொல் வழங்கும் ஐக்கிய அமெரிக்கா, எசுப்பானியா ஆகிய நாடுகளிலும் இவ்விரு அனுபவங்களும் தனித்தனியே இருப்பது கண்டறியப்பட்டது. 2011 இல் வெளியான தொடர் ஆய்வு மேலும் ஒன்றைக் காட்டியது. முன்னேறுவது தமக்கு எளிதாகத் தோன்றியபோது மாணவரிடம் முதல்வகைப் பொறாமை எழுந்து, கூடுதலாகப் படிக்கத் தூண்டியது. முன்னேறுவது அரிதாகத் தோன்றியபோது எழுந்தது வெறும் வியப்பு. அவ்வியப்பு உழைப்பாக மாறவில்லை.

தமிழில் பொறாமை என்பது பொறுத்தல் என்னும் வினையின் எதிர்மறையில் பிறந்த சொல். பிறர் ஆக்கத்தைப் பொறுக்கமாட்டாமை என்பது பொருள். திருக்குறளின் 17 ஆம் அதிகாரமான அழுக்காறாமை விலக்கச் சொல்வதும் இப்பொருளையே. உழைக்கத் தூண்டும் மற்ற வகைக்குத் தமிழில் வழக்கமான தனிச்சொல் இல்லை.

பள்ளியும் தரவரிசையும்

ஒப்பீடு மிகச் செறிவாக நிகழும் இடம் வகுப்பறையே எனலாம். வயது ஒன்று, பாடம் ஒன்று, தேர்வு ஒன்று. ஃபெஸ்டிங்கர் கூறிய 'ஒத்தவர்' என்னும் நிபந்தனை அங்கு முழுமையாக நிறைவேறுகிறது.

ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980களில் விவரித்த 'சிறு குளத்துப் பெரிய மீன்' விளைவு இங்கு முதன்மையானது. ஒரே அளவு திறமையுடைய இரு மாணவருள், திறமை மிக்கோர் நிறைந்த பள்ளியில் சேர்ந்தவர் தம் கல்வித்திறனைத் தாழ்வாகவும், சராசரிப் பள்ளியில் சேர்ந்தவர் உயர்வாகவும் மதிப்பிடுகின்றனர். மார்ஷும் கிட்-டாய் ஹாவும் 2003 இல், 26 நாடுகளைச் சேர்ந்த 15 வயது மாணவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளில் இவ்விளைவைக் கண்டனர். ஊரில் முதலிடம் பெற்ற மாணவர் பெயர்பெற்ற கல்லூரி ஒன்றில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே தாம் எதற்கும் தகுதியற்றவர் என்று எண்ணத் தொடங்குவதை இவ்விளைவைக் கொண்டு விளங்கிக் கொள்ளலாம். அவரது திறமை குறையவில்லை. அளவுகோலாக நின்ற கூட்டம் மாறிவிட்டது. சிறந்த பள்ளியில் சேர்வதால் வரும் பிற நன்மைகளை இவ்விளைவு மறுப்பதில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு முடிவுகளுடன் மாநில அளவில் முதலிடங்களைப் பெற்றோரின் பெயர்களை அறிவிக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. மாணவரிடையே மன அழுத்தத்தையும் தேவையற்ற போட்டியையும் தவிர்க்கும் நோக்குடன் 2017 இல் மாநில அரசு இதனைக் கைவிட்டது. பட்டியல் நீங்கினாலும் ஒப்பீடு நீங்குவதில்லை. மதிப்பெண் கேட்கும் உறவினரும் அண்டை வீட்டாரும் இருக்கவே செய்கின்றனர்.

வீட்டில் நிகழும் ஒப்பீடும் ஆராயப்பட்டுள்ளது. அலெக்சாண்டர் ஜென்சன், சூசன் மெக்ஹேல் ஆகியோர் ஐக்கிய அமெரிக்காவில் நடத்தி 2015 இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகளுள் எவர் படிப்பில் கெட்டிக்காரர் என்று பெற்றோர் கொண்டிருந்த எண்ணம், பிற்பாடு அப்பிள்ளைகளின் மதிப்பெண் வேறுபாட்டோடு பெரும்பாலும் தொடர்புற்றிருந்தது. முந்தைய மதிப்பெண்களைக் கணக்கில் கொண்ட பின்னரும் இத்தொடர்பு காணப்பட்டது.

ஊதிய ஒப்பீடு

2008 இல் கலிபோர்னியாவின் நாளிதழ் ஒன்று, அம்மாநில அரசு ஊழியர் அனைவரது ஊதியத்தையும் இணையத்தில் தேடும் வசதியை ஏற்படுத்தியது. கலிபோர்னியா பல்கலைக்கழக ஊழியருள் ஒரு பகுதியினருக்கு மட்டும் இவ்வசதியைப் பற்றித் தெரிவித்து டேவிட் கார்டு முதலிய பொருளியலாளர்கள் ஆராய்ந்தனர். தம் பிரிவின் இடைநிலை ஊதியத்தைவிடக் குறைவாகப் பெற்றவர்களுக்குப் பணி நிறைவு குறைந்தது. வேறு பணி தேடும் எண்ணமும் கூடியது. கூடுதலாகப் பெற்றவர்களின் நிறைவு அதனால் கூடவில்லை. 2012 இல் வெளியான இவ்வாய்வின்படி, கீழே இருப்பதை அறிவதன் வலிக்கு ஈடான மகிழ்ச்சி மேலே இருப்பதை அறிவதில் இல்லை. எனினும் அநீதியான ஊதிய வேறுபாடுகள் வெளிப்படுவதும் இத்தகைய ஒப்பீட்டினாலேயே என்பதால், அந்நிறைவின்மையை முற்றிலும் தீங்கு என்று கூறிவிட இயலாது.

சமூக வலைத்தளங்கள்

பேஸ்புக் 2004 இலும் இன்ஸ்டாகிராம் 2010 இலும் தொடங்கப்பட்டன. இவற்றால் ஒப்பிடத்தக்கோரின் எண்ணிக்கை, ஓர் ஊர் அல்லது வகுப்பு என்ற எல்லையைக் கடந்து பெருகியது. எண்ணிக்கையைவிடப் பெரிய சிக்கல் தகவலின் தன்மையில் உள்ளது. அங்கு பதியப்படுவன பெரும்பாலும் திருமணம், பயணம், பட்டமளிப்பு போன்ற நாட்களே. ஒருவர் தமது வாழ்க்கையின் முழுமையை, பிறர் தெரிந்தெடுத்துக் காட்டிய சில கணங்களோடு ஒப்பிட நேர்கிறது.

இக்குறைபாடு இணையத்துக்கு மட்டும் உரியதன்று. அலெக்சாண்டர் ஜோர்டன் முதலியோர் 2011 இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தம் தோழர்களின் துன்ப அனுபவங்களை உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகவே மதிப்பிட்டனர். துன்பங்கள் பெரும்பாலும் தனிமையில் நிகழ்வதும், அவற்றை மறைக்கும் வழக்கமும் இதற்குக் காரணங்கள். அவ்வாறு குறைத்து மதிப்பிட்டோரிடம் தனிமையுணர்வு கூடுதலாகக் காணப்பட்டது. யூட்டாவில் ஹூய்-சூ சோ, நிக்கோலஸ் எட்ஜ் ஆகியோர் நடத்தி 2012 இல் வெளியிட்ட கணிப்பில், பேஸ்புக்கை நெடுநாள் பயன்படுத்தியவர்கள் பிறர் தம்மைவிட மகிழ்ச்சியாக இருப்பதாக எண்ணினர். நண்பர்களோடு நேரில் கூடுதலாகப் பொழுது கழித்தவர்களிடம் இவ்வெண்ணம் குறைவாக இருந்தது. இது தொடர்பை மட்டுமே காட்டும் கணிப்பு. எது காரணம், எது விளைவு என்பதை இதனைக் கொண்டு கூற முடியாது.

தன்னோடு ஒப்பிடுதல்

பிறரை விடுத்து, தமது நேற்றைய நிலையோடு இன்றைய நிலையை ஒப்பிடுவதைக் காலவழி ஒப்பீடு என்ற பெயரில் ஸ்டூவர்ட் ஆல்பர்ட் 1977 இல் விவரித்தார். நலமான ஒப்பீட்டுக்கு இதுவே வழி என்று அறிவுரை நூல்கள் கூறுவதுண்டு. கற்கும் தொடக்கக் கட்டத்திலும் நோயிலிருந்து தேறும் காலத்திலும் இது உதவக்கூடும். ஆனால் முதுமையாலோ நோயாலோ ஆற்றல் குறைந்து வருபவருக்குக் கடந்தகாலத் தன்னைக் காட்டிலும் கொடிய போட்டியாளர் இல்லை. அவ்வாறானவருக்குத் தம் வயதினரோடு ஒப்பிடுவதே ஆறுதல் தரலாம்.

திறனாய்வு

'ஒத்தவர்' என்று ஃபெஸ்டிங்கர் கூறியது எதில் ஒத்தவர் என்பது தெளிவாக இல்லை என்று தொடக்கம் முதலே கூறப்பட்டது. ஜார்ஜ் கோதல்ஸ், ஜான் டார்லி ஆகியோர் 1977 இல், வயது, பயிற்சி, அனுபவம் முதலிய தொடர்புடைய பண்புகளில் ஒத்திருப்பதே இங்கு பொருள் என்று திருத்தம் தந்தனர். ஆறு மாதம் நீச்சல் பயின்றவர் தம்மை அளக்க, ஆறு மாதம் பயின்ற மற்றொருவரே தகுந்தவர்.

அறுபது ஆண்டுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து ஜோனத்தன் கெர்பர், லாட் வீலர், ஜெரி சல்ஸ் ஆகியோர் 2018 இல் மேற்கொண்ட பகுப்பாய்வு, இக்கட்டுரையில் கூறப்பட்ட சிலவற்றுக்கு வரம்பு கட்டுகிறது. அச்சுறுத்தல் இல்லாதபோது மனிதர் பெரும்பாலும் மேல்நோக்கியே ஒப்பிடுகின்றனர் என்பது உறுதிப்பட்டது. அச்சுறுத்தலின்போது கீழ்நோக்குவர் என்ற வில்ஸின் கருத்துக்கு அத்தொகுப்பில் போதிய ஆதரவு கிடைக்கவில்லை. மேல்நோக்கிய ஒப்பீட்டால் ஊக்கம் பெறுவதைவிடத் தம்மைத் தாழ்வாக மதிப்பிடுவதே சராசரியில் கூடுதலாகக் காணப்பட்டது. லாக்வுட், குண்டா ஆகியோர் கண்ட ஊக்கம், தானே நிகழும் பொது இயல்பு அன்று. குறிப்பிட்ட நிபந்தனைகள் கூடிவரும்போது மட்டும் நிகழ்வது என்றே இதனைக் கொண்டு கருத வேண்டியுள்ளது.